யாரு ஃப்ரீ?

எங்கள் பள்ளிக்குப் பதினொரு ஆண்டுகள் கால அட்டவணை போட்டவன் நான். வாரத்துக்கு நாற்பது பாடவேளை, பத்தொன்பது ஆசிரியர்கள். கோடை விடுமுறையின் கடைசி வாரத்தில் நான்கு நிறப் பேனாக்களோடு உட்கார்ந்தால் மூன்றாம் நாள் சாயங்காலம்தான் முதுகு நிமிரும். எவருக்கும் இருபத்தெட்டுக் கட்டத்துக்கு மேல் விழக்கூடாது என்பது என் கொள்கை. விழுந்துவிட்டதோ என்ற பயத்தில் நான்கு முறை எண்ணுவேன். பள்ளி திறக்கும் நாளன்று பேருந்தில் உட்கார்ந்து ஐந்தாவது முறையும் எண்ணுவேன். கணக்கு சார் போட்ட அட்டவணையில் ஓரவஞ்சனை இருக்காது என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

ஓசூரிலிருந்து கர்நாடக எல்லைக்குப் போகும் சாலையில் இருக்கிறது பள்ளி. எதிரே ஒரு பேருந்து நிறுத்தம். காலையில் அங்கே டவுன் பஸ் வரும் முன்பே கம்பெனி பஸ்கள் ஏழு வந்து போய்விடும். பள்ளியில் தமிழ் மீடியம், ஆங்கில மீடியம் தவிர, தெலுங்கு மீடியமும் உண்டு. ஒன்பதாம் வகுப்பில் ஒன்பது பேர், பத்தாம் வகுப்பில் பதினொரு பேர், ஆக இருபது. இந்த இருபது பேருக்கும் கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் மூன்றையும் நடத்தியவர் ஒரே ஒரு டீச்சர். காலிப் பணியிடம் நிரம்பும்வரை என்று பெற்றோர் ஆசிரியர் கழகம் அமர்த்திய தற்காலிக ஆசிரியை. பக்கத்துக் கிராமத்துப் பெண், வீட்டில் தெலுங்கு, கடைத்தெருவில் கன்னடம், எங்களோடு தமிழ்.

அவர் பெயருக்கு நேரே என் அட்டவணையில் இருபத்தாறு கட்டங்கள். பள்ளியிலேயே அதுதான் குறைவு.

தினமும் காலை ஒன்பது பத்துக்கு சப்ஸ்டிடியூஷன் நோட்டைத் திறப்பதும் என் வேலைதான். யாராவது விடுப்பு எடுத்திருந்தால் அவர் வகுப்புக்கு இன்னொருவரை அனுப்ப வேண்டும். ஆசிரியர் அறையின் வாசலில் நின்று, "யாரு ஃப்ரீ?" என்று கேட்பேன். பதினெட்டுத் தலைகள் நோட்டுப் புத்தகங்களுக்குள் குனியும். பிறகு நான் அட்டவணையைப் பார்ப்பேன். இருபத்தாறு கட்டக்காரர்தான் கண்ணில் படுவார். அவர் பெயரை எழுதுவேன், அவர் கையெழுத்துப் போடுவார். ஒரு நாள் மட்டும் பேனாவை மூடிக்கொண்டே கேட்டார்: "சார், ஃப்ரீன்னா சும்மா இருக்கிறதா, இல்ல சும்மா குடுக்கிறதா?"

அறை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன்.

என் கடைசிப் பணி ஆண்டில் புதிய தலைமையாசிரியை வந்தார். மத்தூர்ப் பக்கத்துக்காரர், என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். அவர் வந்த எட்டாவது நாள், ஒரு புதன்கிழமை, என்னைக் கூப்பிட்டு ஒரு கடிதத்தை மேசையில் வைத்தார். தெலுங்கு மீடியம் டீச்சரின் கடிதம், நான்கே வரி. வரும் திங்களை விட்டு அதற்கடுத்த திங்கட்கிழமை ஒரு செல்போன் கம்பெனியில் வேலைக்குச் சேர்வதாகவும், தன்னை விடுவிக்கும்படியும் கேட்டிருந்தார்.

என் மனம் உடனே எண்ணியது. இடையில் வேலை நாட்கள் ஏழு. பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வுக்கு நான்கு மாதம்கூட இல்லை. தெலுங்கில் கணக்கும் அறிவியலும் சொல்லித்தர இன்னொருவரைத் தேடினால் எத்தனை மாதம் ஆகுமோ! பதினொரு பிள்ளைகளைத் தமிழ் மீடியத்தில் கொண்டுபோய் உட்கார வைத்தால் கேள்வித்தாளையே படிக்கத் தெரியாது. நாலு பேர் தேறுவார்களா? மிச்ச ஏழு பேரில் எத்தனை பேர் அடுத்த வருடம் அதே கம்பெனி பஸ்ஸில் ஏறியிருப்பார்கள்? எனக்கு ரத்தக் கொதிப்பு உண்டு. மாத்திரை சாப்பிட்டோமா என்று சட்டைப் பையைத் தடவிப் பார்த்தேன்.

"சம்பளம் அங்க ஜாஸ்தி மேடம். நாம என்ன செய்ய முடியும்?" என்றேன்.

"நானும் அப்படித்தான் நினைச்சு கேட்டேனுங்க சார். சம்பளம் இல்லையாம். அந்தப் பொண்ணோட தங்கச்சி அதே கம்பெனியில லைன்ல வேலை பார்க்குதாம். அங்க ரிலீவர் உண்டாம்."

"ரிலீவரா?"

"லைன்ல நிக்கிறவங்க பாத்ரூம் போகணும்னா கையைத் தூக்கணுமாம். உடனே ஒருத்தர் வந்து அந்த இடத்துல நிப்பாராம். அவர்தான் ரிலீவர். 'எனக்கு ஒரு நாளைக்கு ரெண்டு தடவை ரிலீவர் வர்றாங்க. டீச்சர்னு பேரு, உனக்கு யாருக்கா வர்றாங்க?'ன்னு தங்கச்சி கேட்டுதாம். அப்புறம்தான் இவங்களும் அங்க எழுதிப் போட்டாங்களாம்."

நான் என் அட்டவணையை விரித்தேன். இருபத்தாறு கட்டம், எல்லோரையும்விடக் குறைவு, வாரத்துக்குப் பதினான்கு ஓய்வுப் பாடவேளை. விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினேன். தலைமையாசிரியை மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

"இந்தக் கட்டத்துல '9, 10 தெ' அப்படின்னு ரெண்டு வகுப்பு எழுதியிருக்கீங்களே?"

"ரெண்டும் ஒரே ரூம்தானே மேடம். அதனால ஒண்ணா எண்ணினேன்."

அவர் எழுந்து, "வாங்க சார், ஒரு எட்டு பார்த்துட்டு வரலாம்," என்றார்.

பதினொரு ஆண்டுகளில் அந்த அறையைக் கடந்து போயிருக்கிறேன், நின்று பார்த்ததில்லை. அன்று பின்பக்க ஜன்னலருகே நின்று பார்த்தோம். முன்சுவரில் ஒரு கரும்பலகை, பின்சுவரில் ஒரு கரும்பலகை. ஒன்பதாம் வகுப்பு முன்னே பார்த்து உட்கார்ந்திருந்தது, பத்தாம் வகுப்பு பின்னே பார்த்து. இரண்டு கூட்டமும் முதுகுக்கு முதுகு. நடுவில் டீச்சர். முன்பலகையில் முக்கோணத்தின் பரப்பு, பின்பலகையில் இருபடிச் சமன்பாடு. ஒன்பதாம் வகுப்புக்கு ஒரு வரி எழுதிவிட்டுத் திரும்புவார், பத்தாம் வகுப்புக்கு ஒரு வரி சொல்வார், மறுபடி திரும்புவார். என் பழக்கம் விடுமா? எண்ணினேன். நாற்பது நிமிடத்தில் முப்பத்தொன்பது முறை திரும்பினார். ஒரு முறைகூட சமன்பாட்டைக் கொண்டுபோய் முக்கோணத்தில் போடவில்லை! எனக்கு வந்த ஆச்சரியத்தில் கைதட்டிவிடுவேனோ என்று பயந்து ஜன்னல் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

மேசையில் அவருடைய தண்ணீர் பாட்டில், நீல நிறம், கழுத்துவரை நிரம்பியிருந்தது. அந்த பாட்டிலை எனக்கு நன்றாகத் தெரியும். சாயங்காலம் நாலு பத்துக்குப் பள்ளி விடும்போது அதே பாட்டில் அதே அளவில் அவர் பையிலிருந்து எட்டிப் பார்க்கும். எத்தனையோ நாள் பார்த்திருக்கிறேன். சிக்கனமான பெண், தண்ணீரைக்கூட வீணாக்குவதில்லை என்று நினைத்திருக்கிறேன்.

"இன்டர்வல் பத்து நிமிஷம்," என்றார் தலைமையாசிரியை, என்னைப் பார்க்காமல். "லேடீஸ் ஸ்டாஃபுக்கு ஒரே ஒரு டாய்லெட், கிரவுண்டோட அந்தக் கோடியில. நாங்க பதினொரு பேர். இதை நீங்க எண்ணியிருக்க மாட்டீங்க சார். உங்களைக் குத்தம் சொல்லல. நாங்களும் வாய் திறந்து சொன்னதில்ல."

அன்று சாயங்காலம் சப்ஸ்டிடியூஷன் நோட்டை வீட்டுக்குக் கொண்டுபோனேன். அந்த மாதத்து இருபத்திரண்டு நாட்களையும் வரிசையாக எடுத்தேன். மாற்றுப் பாடவேளைகள் மொத்தம் எழுபத்து நான்கு. அதில் ஐம்பத்தொன்றுக்கு எதிரே அதே சின்னக் கையெழுத்து. பதினான்கு நாட்களில் அவருக்கு ஒரு பாடவேளைகூட ஓய்வு இல்லை. கூட்டல் தப்பாக இருக்கும் என்று மறுபடி கூட்டினேன், கீழிருந்து மேலாகவும் கூட்டினேன். தப்பு கூட்டலில் இல்லை. அறையை எண்ணினால் இருபத்தாறு, வகுப்பை எண்ணினால் ஐம்பத்திரண்டு. பள்ளியிலேயே குறைந்த எண் என்று நான் நினைத்தது, பள்ளியிலேயே மிக அதிகமான எண்! ஐம்பத்தொரு இடத்திலும் அவர் பெயரை எழுதியது என் கை.

வெட்கமாக இருந்தது. ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும், வெட்கத்தைவிடப் பெரிதாக ஒரு துள்ளல் இருந்தது. தப்பு எங்கே என்று தெரிந்துவிட்ட கணக்கு பாதி முடிந்த கணக்கு. முப்பத்து மூன்று வருட சர்வீஸில் இப்படி ஒரு அட்டவணையை யாரும் போட்டிருக்க மாட்டார்கள் என்று தோன்றியது. புதுச் சார்ட் பேப்பர் வாங்க அப்போதே செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினேன்.

வெள்ளிக்கிழமை ஆசிரியர் கூட்டம். தெலுங்கு மீடியம் டீச்சர் வகுப்பில் இருந்தார். நான் புது சார்ட்டைச் சுவரில் ஒட்டி, அறைக்கு ஒரு வரிசை, வகுப்புக்கு ஒரு வரிசை, மாற்றுப் பாடவேளைக்கு ஒரு வரிசை என்று விளக்கினேன். கடைசியில், "இந்தத் தப்பு என்னோடது," என்றேன்.

தமிழ் ஐயாவுக்கு அன்று தீபாவளி. "அட, கணக்கு சாருக்கே கணக்குத் தப்பா? பதினொரு வருஷமா? இதைச் சுவத்துல கல்வெட்டா வெட்டி வைக்கணுமே!"

பி.டி. சார், திருநெல்வேலிக்காரர், வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. "விடுங்க ஐயா, மனுசன் தானா வந்து மாட்டிக்கிட்டாரு. இதுக்கே ஒரு கப்பு குடுக்கலாம்," என்றார்.

"சிரிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும்," என்றார் தமிழ் ஐயா. "அந்தப் பொண்ணு தற்காலிகம். நாளைக்கே பணியிடத்துக்கு ஆள் வந்தா கிளம்பப் போறாங்க. இருபது பிள்ளைங்கதான். எனக்கு ஒரே வகுப்புல அறுபத்திரண்டு பேர். அறுபத்திரண்டு கட்டுரை நோட்டு திருத்துறேனே, அது எந்த வரிசையில வருதுங்க சார்?"

கேள்வி நியாயம். தலைமையாசிரியை எழுந்தார்.

"ஐயா சொல்றது சரி. அதுக்கும் ஒரு வரிசை போடுங்க சார். நோட்டு அதிகம் திருத்துறவங்களுக்கு பஸ் ஸ்டாப் டியூட்டி வேண்டாம். ஆனா தற்காலிகம்ங்கிறது சர்க்கார் ஆர்டர்ல இருக்கிற வார்த்தைங்க ஐயா. அவங்க நிக்கிறதும் திரும்புறதும் தற்காலிகம் இல்ல." பிறகு சார்ட்டின் கீழே சிவப்புப் பேனாவால் ஒரு கோடு இழுத்தார். "திங்கட்கிழமையிலிருந்து நம்ம பள்ளிக்கூடத்துலயும் ரிலீவர் உண்டு. காலையில பத்து நிமிஷம், மத்தியானம் பத்து நிமிஷம். யாருக்கு வேணுமோ அவங்களுக்கு. காரணம் கேக்கக் கூடாது. திங்கக்கிழமை முதல் ரிலீவர் நான். இன்னொண்ணு, 'யாரு ஃப்ரீ'ங்கிற கேள்வி இனிமே இந்த ரூம்ல வேண்டாம். நோட்டுல வரிசை இருக்கும். யார் முறையோ அவங்க போவாங்க."

"எங்களுக்குத் தெலுங்கு தெரியாதேம்மா," என்றார் தமிழ் ஐயா.

"பத்து நிமிஷம் நிக்கிறதுக்குத் தெலுங்கு எதுக்குங்க ஐயா?"

நான் என் பங்குக்கு எழுந்து, ஒன்பதாம் வகுப்புத் தெலுங்குப் பிள்ளைகளின் கணக்குப் பாடத்தை நானே எடுத்துக்கொள்வதாகச் சொன்னேன். அறிவியல் கூடத்தில் உட்கார வைத்தால் அந்த நேரத்தில் டீச்சருக்கு ஒரே பலகைதான். என் தெலுங்கு காய்கறிக் கடைத் தெலுங்கு. கத்தரிக்காயும் மீதிச் சில்லறையும் கேட்கத் தெரியும். ஆனால் எண்கள் தெரியும். எண்கள் தெரிந்தால் போதாதா?

கூட்டம் முடிந்து டீச்சரிடம் சொன்னோம். "நாலு நாள் நடக்கும் சார். அப்புறம் ஒருத்தர் லீவு போடுவாங்க, மறுபடி என்னையே கூப்பிடுவீங்க," என்றார். கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளவும் இல்லை. தலைமையாசிரியை வற்புறுத்தவில்லை. "நீங்க போறதா இருந்தாலும் போங்கம்மா. இது உங்களைப் பிடிச்சு வைக்கப் போட்டது இல்ல," என்றார். போகச் சொல்லலாமா ஒரு தலைமையாசிரியை? மிச்சம் ஐந்து நாள்தானே!

ஆனால் என்ன வாரம் அது! திங்களன்று தலைமையாசிரியை கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வகுப்பு வாசலில் போய் நின்றார். செவ்வாய் பி.டி. சார் முறை. போன மூன்றாவது நிமிடம் ஆசிரியர் அறைக்கு ஓடி வந்தார், முகம் சிவந்து.

"என்ன புள்ளைங்க சார் இது! கணக்கு எத்தனை முடிச்சேன்னு ஒரு பொண்ணுகிட்ட மரியாதையாத்தான் கேட்டேன். 'மூடு சார்'ங்கா! என் மூஞ்சிக்கு நேரா! 'என்னது?'ன்னேன். பத்தாங்கிளாஸ் மொத்தமும் எந்திரிச்சு 'மூடு சார், மூடு'ங்காங்க!"

அறையில் எழுந்த சிரிப்பில் ஜன்னலில் உட்கார்ந்திருந்த இரண்டு மைனாக்களும் பறந்தன. தமிழ் ஐயா மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். தெலுங்கில் மூடு என்றால் மூன்று என்று சொல்லிப் புரிய வைக்க எங்களுக்கு மூச்சு இல்லை. புரிந்ததும் பி.டி. சார் தலையில் கை வைத்தார். "மூணு கணக்கா? ஐயோ, அந்தப் பொண்ணை முறைச்சுட்டு வந்துட்டேனே!" என்று திரும்ப ஓடினார். மிச்சம் ஏழு நிமிடம் இருந்தது. அதற்குள் பத்துவரை எண்ணக் கற்றுக்கொண்டு வந்துவிட்டார்.

அறிவியல் கூடத்தில் எனக்கும் அதே கதிதான். ஒன்பது பிள்ளைகளும் எனக்கு வாத்தியார்கள். முக்கோணத்துக்கு அவர்கள் திரிபுஜம் என்றார்கள், சமன்பாட்டுக்குச் சமீகரணம். வட்டத்துக்கு விருத்தம். இதைப் போய் தமிழ் ஐயாவிடம் சொன்னேன். "விருத்தம் எங்களுக்குப் பாட்டுய்யா! உங்களுக்கு வட்டமா?" என்று அவர் துள்ளி எழுந்தார். புதன்கிழமை அவருடைய ரிலீவர் முறை. பத்து நிமிடத்துக்குப் போனவர் இருபத்திரண்டு நிமிடம் கழித்து வந்தார். பிள்ளைகளுக்கு ஒரு விருத்தத்தைப் பாடிக் காட்டினாராம், அவர்கள் அவருக்கு தெலுங்குக் கவிஞர் வேமனர் காலத்துச் செய்யுள் ஏதோ ஒன்றைப் பாடிக் காட்டினார்களாம். பன்னிரண்டு நிமிடம் அதிகம் என்று நான் நோட்டில் குறித்தேன். "குறிச்சுக்கோ, குறிச்சுக்கோ," என்றார்.

வியாழன் சோதனை வந்தது. மூன்று பேர் விடுப்பு. மாற்றுப் பாடவேளை எட்டு. வாசலில் வந்து நின்ற எனக்கு நாக்கின் நுனியில் அந்தக் கேள்வி வந்துவிட்டது. டீச்சர் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து என்னையே பார்த்தார். அந்த நாள் அவர் பெயரை எழுதினால் ஆறு நாள் வேலையும் வீண். நோட்டைத் திறந்து வரிசைப்படி படித்தேன். எட்டுப் பெயரில் தலைமையாசிரியை பெயர் இரண்டு முறை, என் பெயர் இரண்டு முறை, தமிழ் ஐயா பெயர் ஒரு முறை, மற்றவர்கள் மூன்று. அவர் பெயர் இல்லை. தமிழ் ஐயா முணுமுணுத்தார், ஆனால் சாக்பீஸை எடுத்துக்கொண்டு எழுந்தார். டீச்சர் தலை குனிந்துகொண்டார். அவர் என்ன முடிவு செய்தார் என்று அப்போதும் தெரியவில்லை. வெள்ளியன்றும் கடிதம் தலைமையாசிரியையின் மேசையில்தான் இருந்தது.

திங்கட்கிழமை. கம்பெனி ஜெனரல் ஷிப்ட் பஸ் எங்கள் நிறுத்தத்துக்கு எட்டு ஐந்துக்கு வரும். நான் ஏழு ஐம்பதுக்கே பள்ளிக்குப் போய்விட்டேன். கேட் பூட்டைச் சரிபார்க்கப் போனதாக ஒரு சாக்கு வைத்திருந்தேன். உள்ளே தலைமையாசிரியை தண்ணீர்த் தொட்டியை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். மைதானத்தில் பி.டி. சார் கட்டியிருந்த வாலிபால் வலையை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டிருந்தார். மூவரும் காலை வணக்கம் சொல்லிக்கொண்டோம். யாரும் சாலைப் பக்கம் பார்க்காத மாதிரி நின்றோம்.

எட்டு மூன்றுக்கு டீச்சர் வந்தார். தோளில் பை, பையில் நீல பாட்டில். நேராக நிறுத்தத்தில் போய் நின்றார். எட்டு ஆறுக்கு பஸ் வந்து நின்றது, ஒரு நிமிடம் தாமதம். கதவு திறந்தது. அவர் படியில் கால் வைத்தார்.

பி.டி. சார் கையிலிருந்து வலைக்கயிறு நழுவியது.

படியில் நின்றபடியே டீச்சர் பையிலிருந்து ஒரு டிபன் பாக்ஸை எடுத்து நீட்டினார். உள்ளே இருந்து ஒரு கை வாங்கிக்கொண்டது. "மறந்துட்டுப் போறியே, மத்தியானம் என்னத்தத் தின்னுவ?" என்று தெலுங்கில் திட்டினார். அவ்வளவு தெலுங்கு எனக்குப் புரியும். ஜன்னலில் தங்கையின் முகம் தெரிந்தது.

"அக்கா, ஏறலையா? நெஜமாவே ஏறலையா?"

"போடி. எனக்கும் ரிலீவர் வந்துட்டாங்க," என்றார் டீச்சர் தமிழில், கேட்டுக்குள் நிற்கும் எங்கள் காதுக்கும் விழுகிற மாதிரி. "வயசானவர். காலங்காத்தாலயே வந்து பூட்டை ஆட்டிட்டு நிக்கிறார் பாரு."

பஸ் முழுக்கச் சிரித்தது. டிரைவர் ஒரு ஹாரன் அடித்துவிட்டுக் கிளம்பினார்.

டீச்சர் சாலையைக் கடந்து வந்தார். தலைமையாசிரியை தொட்டியை விட்டுவிட்டு, "வாங்கம்மா," என்றார். கடிதத்தை யார் கிழித்தார்கள், எப்போது கிழித்தார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மார்ச் முடியும்வரை அவர் இருந்தார், அடுத்த ஆண்டும் இருந்தார். பதினொரு பேரும் தேர்வு எழுதினார்கள். பத்துப் பேர் அப்போதே தேறினார்கள், ஒருவன் துணைத் தேர்வில் தேறினான்.

அந்தத் திங்கட்கிழமை காலை ரிலீவர் முறை என்னுடையது. பத்து ஐம்பதுக்குப் போய் வாசலில் நின்றேன். டீச்சர் சாக்பீஸை என் கையில் கொடுத்துவிட்டு வெளியே போனார். இருபது பிள்ளைகள், பத்து நிமிடம், இரண்டு பலகை. நடுவில் நின்று பார்த்தேன். நான்கு முறை திரும்பியதற்கே தலை சுற்றியது. ஐந்தாவது முறை திரும்புவதற்குள் அவர் வந்துவிட்டார்.

மேசையில் இருந்த பாட்டிலை எடுத்து, நின்றபடியே, மடக்மடக்கென்று பாதி குடித்தார். மத்தியானம் குழாயடியில் அதை நிரப்பிக்கொண்டிருந்தார். சாயங்காலம் நாலு பத்துக்கு மணி அடித்ததும் இன்னொரு முறை நிரப்பினார். சப்ஸ்டிடியூஷன் நோட்டின் கடைசிப் பக்கத்தில், யாருக்கும் தெரியாமல், பென்சிலால் இரண்டு கோடு போட்டேன்.